நிஜாமுதீன் பாய் கீழே வைத்த கத்தி

என்னை அடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் கையை விட்டு, சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவர்தான் நிஜாமுதீன் பாய். அது 1953, மே மாதக் கடைசி. பிள்ளையார் பொம்மைகளை உடைப்பது என்று எங்கள் இயக்கம் குறித்திருந்த நாள். நானும் கருப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காசு கொடுத்து வாங்கிய மண் பிள்ளையாரைப் பாலக்கரைக் கடைத்தெருவில் ஓங்கிப் போட்டு உடைத்தேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. நான் களிமண்ணை உடைத்தேன், அவர்கள் என் விலா எலும்பை உடைத்தார்கள். அத்தோடு தீர்ந்தது.

பாய் என்னைத் தன் கறிக்கடைக்குள் தள்ளினார். துரத்தி வந்தவர்கள் வாசலில் ஏறியபோது, வெட்டுக்கத்தியை ஓங்கி மரக்கட்டையில் பதித்தார். அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு எனக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்ததும் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பொழுது சாயும்வரை அந்தப் பக்கத்துக் காது கேட்கவில்லை.

"அவங்க அடிச்சது அவங்க சாமிக்காக. இது எனக்காக," என்றார். "அடுத்தவன் கும்பிடறதைப் போட்டு உடைக்க உனக்கு யாருடா உரிமை குடுத்தா?"

எனக்கும் வாய் சும்மா இருக்காது. உங்கள் மதத்திலும் சிலையைக் கும்பிடக் கூடாது என்றுதானே இருக்கிறது என்று கேட்டேன்.

"நான் கும்பிடக் கூடாதுன்னு இருக்கு. அவன் கும்பிடறதை உடைன்னு எனக்கு யாரும் சொல்லல," என்றார். பிறகு கறியை நறுக்கப் போய்விட்டார்.

என் பெயர் தர்மராஜ். அவர் கடைக்கு எதிர்சாரியில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். என் அம்மா தினமும் பெருமாளைச் சேவிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். அவளுக்குப் பிறந்த நான் இப்படி. அந்த வயதில் எனக்கு இருந்த கொழுப்புக்கு, பாயிடம் வாங்கிய கறிப் பொட்டலத்தை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, காவேரிப் பாலம் தாண்டி, பெருமாள் புறப்பாடு வரும் நேரம் பார்த்து சித்திரை வீதியைச் சுற்றிக்கொண்டு போவேன். எப்படியோ அது பாய் காதுக்கு வந்தது. மறுமுறை நான் வாங்கிய பொட்டலத்தைப் பிடுங்கித் தெரு நாய்க்குப் போட்டார். இனிமேல் கறி தின்ன வேண்டுமானால் என் வீட்டில் தின்றுவிட்டுப் போ, அந்த வீதிக்குக் கொண்டு போகாதே என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கு அவர் வீட்டில் என்று ஆனது. அவர் மனைவி வஹீதா அக்காவும் மகள் ஜீனத்தும் எனக்கு வீட்டு மனிதர்கள் ஆனது அந்த நாய்க்குப் போட்ட கறியால்தான்.

முரட்டு மனிதர். கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். ஒருமுறை கால் ஒடிந்த ஆட்டைத் தரதரவென்று இழுத்து வந்த தரகனை, அதே மாதிரி காலைப் பிடித்துத் தெருவில் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஆனால் ஆட்டுத்தொட்டியில் அவரைப் பார்க்க வேண்டும். ஆட்டின் கண்ணில் கத்தியைக் காட்ட மாட்டார். ஒன்றை அறுக்கும்போது இன்னொன்று பார்க்கும்படி கட்ட மாட்டார். வாய்க்குத் தண்ணீர் காட்டி, மெதுவாகப் படுக்க வைத்து, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று சொல்லி ஒரே இழுப்பு. ரத்தம் பீறிட்டு அவர் முழங்கால்வரை நனைக்கும். துடிப்பு அடங்கும்வரை ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பார்.

அந்த வார்த்தைதான் எல்லாம். அல்லாஹ்வை நம்புகிறவன் கத்தியைப் பிடிக்க வேண்டும், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது செத்த ஆட்டுக்குச் சமம், தின்பது ஹராம். பாலக்கரையில் அவர் கடைக் கறி என்றால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நிஜாமுதீன் அறுத்தது என்றால் போதும்.

1957இல் அவர் தம்பி ஜமாலைக் குத்தினார்கள். ஜமால் காந்தி மார்க்கெட்டில் ஜட்கா வண்டி ஓட்டினான். வெங்காய லாரியில் யார் மூட்டை இறக்குவது என்று இரண்டு கோஷ்டிக்குச் சண்டை. வண்டியை எடுக்க வழி விடச் சொல்லி நடுவில் போனான். பிச்சமுத்து என்ற சுமைகூலிக்காரன் மூட்டை தூக்கும் கொக்கியை அவன் வயிற்றில் போட்டு இழுத்துவிட்டான். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது ஜமால் வெங்காயச் சருகு மேல் உட்கார்ந்து, குடலைத் தன் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தான். பாய் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழியெல்லாம் ரத்தம் சொட்டியது.

வெள்ளிக்கிழமைவரை உயிர் இருந்தது. அதுவரை பாய் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் துண்டை விரித்துத் தொழுதுகொண்டே இருந்தார். சோறு தண்ணி இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஜமால் வலியில் கத்திக் கத்தி அடங்கிப் போனான்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். நான் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கேட்டேன் தர்மராஜு. அவ்வளவு கேட்டேன்," என்றார். "அந்தப் பக்கம் ஆள் இருக்கிற மாதிரியே தெரியல."

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வாங்க பாய் நம்ம பக்கம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இன்னோர் அறை விழும் என்று நினைத்தேன். இல்லை என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை, உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அதற்குப் பதில் சொல்ல நான் பல புத்தகம் படித்தவன். டியூபைத் தண்ணீரில் முக்கி ஒட்டைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு காலையில் ஆட்டுத்தொட்டியில் ஆட்டைப் படுக்க வைத்துக் கழுத்தில் கத்தியை வைத்தவர், வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற வேலையாள் மஸ்தானைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னார். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது என்று எல்லாரிடமும் சொல்லி, வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டார். அந்தக் கட்டு வருஷக் கணக்கில் அவர் கையில் இருந்தது. மஸ்தான் அறுப்பான், பாய் நறுக்கி விற்பார். அவர் சொன்ன ஒரே பொய் அந்தத் துணிதான்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம், யாரோ ஒருவனுக்கு என்று சொல்லி, சந்தேகத்தில் இருப்பவன் அறுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நாவு சொன்னால் போதும், உள்ளத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றாராம் ஹஜ்ரத். எனக்குத் தெரிந்து நானும் அந்த ஹஜ்ரத்தும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான். வாயால் சொல்லித் தொலையுங்களேன், யாருக்குத் தெரியப் போகிறது என்று நானும் சொன்னேன்.

"திங்கிறவங்க என் வாயை நம்பித் திங்கலப்பா," என்றார். "அவங்க நம்பிக்கை அவங்களுக்கு உசுரு. அதுல நான் கலப்படம் பண்ண மாட்டேன்."

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு மட்டும் தவறாமல் போனார். கடைசி வரிசையில் நிற்பார். அப்புறம் எதற்குப் போகிறீர்கள் என்று சீண்டினேன். போகிறேன், நிற்கிறேன், ஆள் இருந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

1964இல் பிச்சமுத்து ஜெயிலிலிருந்து வெளியே வந்தான். வந்தவன் வேறு பக்கம் போயிருக்கலாம். நன்றாகக் குடித்துவிட்டு நேரே பாய் கடை முன்னால் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்க வந்தானா வம்புக்கு வந்தானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. உன் தம்பிதான் வந்து விழுந்தான் என்று ஆரம்பித்தான். பாய் கடையிலிருந்து குதித்ததைத்தான் பார்த்தேன். கட்டுப் போட்ட வலது கையால் விட்ட குத்தில் பிச்சமுத்துவின் பல் சிதறியது. தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து மரக்கட்டையில் அவன் கன்னத்தை அழுத்தி, கழுத்தில் கத்தியை வைத்தார். தோல் கீறி ரத்தம் கோடு போட்டது. கடைத்தெருவே நின்றுவிட்டது. வெட்டட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஜமால் குடலைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான்.

பாய் கத்தியை விலக்கிவிட்டார். பிச்சமுத்துவை எட்டி உதைத்துச் சாக்கடையில் தள்ளினார். பிறகு என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு ஆட்டை அறுக்கவே தகுதியில்லைன்னு கத்தியைக் கீழே வச்சவன்," என்றார். "மனுசனை என்னன்னு சொல்லி அறுக்கறது?"

இந்தச் சண்டையை எல்லாரும் பார்த்தார்கள். ஷேக் தாவூதும் பார்த்தார். அவர் வஹீதா அக்காவின் அண்ணன், பாலக்கரையில் தோல் மண்டி வைத்திருந்தவர், பாயைவிட முரடர். ஜீனத்தை அவர் மகனுக்குத்தான் பேசி முடித்திருந்தார்கள். சுளுக்கிய கை ஒருவன் பல்லைக் கழற்றுமா என்று அவர் கேட்கத் தொடங்கினார். ஏற்கெனவே ஊரில் ஒரு பேச்சு இருந்தது. எதிர்க்கடை கருப்புச் சட்டையோடு சேர்ந்து நிஜாமுதீனும் கெட்டுவிட்டான், அதனால்தான் அறுப்பதில்லை என்று. அந்தக் கருப்புச் சட்டை நான்தான்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். கல்யாண விருந்துக்கு முதல் ஆட்டைப் பெண்ணைப் பெற்ற அத்தா தன் கையால் அறுக்க வேண்டும். மற்றதை யார் வேண்டுமானாலும் அறுக்கலாம். தாவூத் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: மணிக்கட்டுத் துணியை அவிழ்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் பிஸ்மி சொல்லி மச்சான் அறுக்கட்டும், ஊர் வாயை மூடிவிடலாம். அறுக்காவிட்டால் நிக்காஹ் இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் நான் பாயின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். ஜீனத் முகத்தைப் பாருங்கள், ஒரே ஒரு வார்த்தை என்றேன். அவர் கையை உருவிக்கொண்டு கத்தியைத் தீட்டத் தொடங்கினார். என்ன செய்யப் போகிறார் என்று தெரியாமல் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். என் அம்மா பெருமாள் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். முதல்முறையாக, எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மறுநாள் ஜீனத்துக்காக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பாய் வீட்டுக் கொல்லையில் நெய்ச்சோற்றுக்கு அடுப்பு வெட்டியிருந்தார்கள். ஆடுகள் வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தன. ஹஜ்ரத்தும் தாவூதும் அவர் ஆட்களும் சுற்றி நின்றார்கள். முதல் ஆட்டைப் பாய் தானே படுக்க வைத்தார். மணிக்கட்டுத் துணியை எல்லார் முன்னாலும் அவிழ்த்துப் போட்டார். அந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது. கத்தியை எடுத்தார். கழுத்தில் வைத்தார். பிறகு கத்தியை மண்ணில் வைத்தார்.

"எனக்கு நிச்சயமில்லை," என்றார். "இருக்கான்னு சொல்ல முடியல. இல்லைன்னும் சொல்ல முடியல. நீங்க எல்லாரும் நம்பித் திங்கப் போற கறி. என் கையால வேணாம்."

தாவூத் ஓடி வந்து மார்பில் உதைத்தார். பாய் மல்லாந்து விழுந்தார். தாவூதின் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் விறகுக் கட்டையால் முகத்தில் அடித்தான். நான்கு பேரைத் தூக்கி அடிக்கக்கூடிய மனிதர், கையை ஓங்கவே இல்லை. அடுப்புக்கு வைத்திருந்த செங்கல் மேல் தலை மோதியது. நான் குறுக்கே விழுந்தேன். எனக்கும் கிடைத்தது, பழைய விலா எலும்பிலேயே. என்னை உதைத்தவன், எல்லாத்துக்கும் நீதான்டா காரணம் என்று உதைத்தான். தாவூத் நிக்காஹ் இல்லை என்று கத்தினார். உள்ளேயிருந்து பெண்கள் அழும் சத்தம் கேட்டது. மருதாணிக் கையோடு ஜீனத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளைத் தாண்டி வஹீதா அக்கா கொல்லைக்கு வந்தார். ஆண்கள் கூடியிருந்த இடத்துக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, மண்ணிலிருந்த கத்தியை எடுத்தார். அடித்தவர்கள் விலகினார்கள்.

"அண்ணே, நான் அறுத்தா நீ திம்பியா?" என்று கேட்டார்.

தாவூத் ஹஜ்ரத்தைப் பார்த்தார். நம்பிக்கையுள்ள பெண் பிஸ்மி சொல்லி அறுத்தால் கூடும், தடையில்லை என்று ஹஜ்ரத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கூடப் பிறந்தவளின் ஈமானை, அல்லாஹ் மேல் உள்ள நம்பிக்கையை, தாவூத் சந்தேகப்பட முடியாது.

வஹீதா அக்கா புருஷனிடம் திரும்பினார்.

"எந்திரிங்க," என்றார். "நீங்க காலைப் பிடிங்க. நான் சொல்றேன்."

பாய் எழ முடியாமல் தவழ்ந்து வந்தார். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் கண்ணை மறைத்தது. ஆட்டின் கால்களைப் பிடித்துக்கொண்டு, எங்கே வைக்க வேண்டும் என்று தாடையை அசைத்துக் காட்டினார். ஒரு கோழியைக்கூட அறுத்தறியாத அந்த அம்மாள், கொல்லை முழுக்கக் கேட்கும்படி பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று சொல்லி இழுத்தார். ரத்தம் இருவர் மேலும் அடித்தது. எது ஆட்டு ரத்தம், எது மனுஷ ரத்தம் என்று பாய் முகத்தில் பிரிக்க முடியவில்லை. துடிப்பு அடங்கும்வரை பாய் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அக்கா கிணற்றடிக்குப் போய் வாந்தியெடுத்தார்.

தாவூத் தன் ஆளின் கையிலிருந்த விறகுக் கட்டையை வாங்கி அடுப்பில் போட்டார். பிறகு சமையல்காரர்களைப் பார்த்து, அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்.

அன்று விருந்தில் பாய்க்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அவர் வாய் கிழிந்திருந்தது. தாள்ச்சாவில் உப்பு சரியா என்று கேட்டேன். வாய் பூராவும் ரத்தம், என்னத்தைத் தெரியுது என்றார். சிரிக்கவும் செய்தார், வலிக்க வலிக்க.

அதற்குப் பிறகு மணிக்கட்டில் துணி இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம், அறுத்தது மஸ்தான், நான் இல்லை என்று சொல்லி விற்றார். சிலர் போய்விட்டார்கள், பலர் இருந்தார்கள். தாவூத் மட்டும் அவரோடு பேசுவதில்லை. எனக்குத்தான் ஒரு கேடு வந்தது. கூட்டங்களில் பேசக் கூப்பிட்டால், நம்புகிறவர்களைக் கிண்டல் செய்யும் இடம் வரும்போது அந்தக் கொல்லை ஞாபகம் வந்து பேச்சு தடுமாறும். கடவுள் இல்லை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் நான் பார்த்த நேர்மையான சந்தேகத்துக்கு முன்னால் என் நிச்சயம் கொஞ்சம் மலிவாகத் தெரிந்தது.

1968இல் வயிற்றில் கட்டி வந்து படுத்துவிட்டார். கடைசியில் வலி அவரைப் புரட்டி எடுத்தது. ஜமால் கத்திய மாதிரியே கத்தினார். கட்டிலின் சட்டத்தை அவர் பிடித்த பிடியில் மரம் விரிந்தது. உயிர் பிரிகிற நேரத்தில், அல்லாஹ் ஒருவனே இறைவன் என்கிற கலிமாவைச் சொல்ல வேண்டும், சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சொன்னாரா என்று ஊரே கேட்கும். நான் வாசல்படியில் நின்றேன். தாவூதும் வந்து, உள்ளே நுழையாமல் என் பக்கத்தில் நின்றார்.

வஹீதா அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டத்தைப் பிடித்திருந்த அவர் கையை விடுவித்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க கையைப் பிடிங்க," என்றார். "நான் சொல்றேன்."

சொன்னார். பாய் அடங்கும்வரை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு வெளியே வந்தவரிடம் தாவூத் மெல்லிய குரலில், மச்சான் கலிமா சொன்னாரா என்று கேட்டார்.

"நான் சொன்னேன்," என்றார் வஹீதா அக்கா. "அவரு கடைசிவரைக்கும் கையை விடல." அக்காவின் மணிக்கட்டில் பாயின் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தது.

தாவூத் அதைப் பார்த்தார். சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். ஜனாஸாவை எடுக்கும்போது முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர்தான். எல்லாரும் கலிமா சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த வார்த்தை தெரியும், சொல்ல மனம் ஒப்பவில்லை. பாய் இருந்திருந்தால் சொல்லாதே என்றுதான் சொல்லியிருப்பார். வாயை மூடிக்கொண்டு, பின்பக்கம் நான் தோள் கொடுத்தேன்.